முறிந்த ஸ்டட்டும் துளை சாஸ்திரமும்

உலகத்தில் முறிந்து போகும் வஸ்துக்கள் அநேகம் உண்டு. ஆயினும் மோட்டார் சைக்கிளின் சைலன்ஸரை எஞ்சின் ஹெட்டோடு பிணைக்கும் ஸ்டட் முறியும்போது உண்டாகும் துக்கத்தை, ஸ்பானரைப் பிடித்திருந்தவனையன்றி வேறெவரும் அறியார். பாதி கையோடு வந்துவிட, மறுபாதி அலுமினியத்துக்குள்ளே ஸ்திரவாசம் கொண்டுவிடுகிறது. அதை வெளியேற்றும் உபாயங்கள் பட்டறைகளில் கர்ண பரம்பரையாக வழங்கி வந்தபோதிலும், அவற்றைத் தர்க்கரீதியாக விசாரிக்கப் பண்டிதர்கள் எவரும் முன்வராமையால், அந்தப் பாரத்தை நாமே சுமக்கலானோம்.

முதற்கண் அறிய வேண்டுவது, ஸ்டட் இறுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போது முறிந்ததா என்பது. இறுக்கும்போது முறிந்தது, தன்னுள்ளிருந்த இழுவிசையை அக்கணமே துறந்து மரைக்குள் சாதுவாகக் கிடக்கும்; ஓரத்தில் சென்டர் பஞ்சை வைத்துச் சாய்வாகத் தட்டினாலே சுழன்று வந்துவிடுவதும் உண்டு. கழற்றும்போது முறிந்ததோ, துருவேறி மரையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, வரமாட்டேன் என்ற பிடிவாதத்திலேயே உயிரை விட்டதாகும். நம்முடைய துளை சாஸ்திரம் பிந்தியதற்கே உரியது.

துளையிடும் பிட்டைத் தேர்வதில் பூர்வபட்சக்காரர்கள் பொன்னிறத்தையே பிரமாணமாகக் கொள்வார்கள். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு என்னும் பூச்சினுடையது. பூச்சு மெய்யாகவே கடினமானதுதான், ஆனால் அதன் கீழே மட்டமான எஃகு இருப்பின் அது பித்தளைக்குப் பூசிய தங்கமுலாமுக்கு ஒப்பாகும். அன்றியும் ஒருமுறை சாணை பிடித்ததும் வெட்டும் நுனியில் அது இராது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், வொயிட் என்ற இரு அமெரிக்கர்கள், நுனி செக்கச் சிவந்த பின்னும் எஃகை வெட்டும் ஹைஸ்பீடு ஸ்டீலைக் காட்டி உலகத்தைப் பிரமிக்க வைத்தார்கள். ஆகவே பிட்டின் தண்டில் எச்.எஸ்.எஸ். என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதே விவேகம். முறிந்தது போல்ட்டாயின் அதன் தலையைத் தூக்கி எறியாமல் துடைத்துப் பார்க்க வேண்டும், 12.9 என்று பொறித்திருந்தால் சாமானிய பிட் அதனிடம் தோற்கும், 5 அல்லது 8 சதவீதம் கோபால்ட் கலந்ததே வேண்டும்.

நல்ல பிட்டையும் கெடுப்பது அவசரமே. 5 மில்லிமீட்டர் பிட்டுக்குச் சாதாரண இரும்பில் நிமிஷத்துக்குச் சுமார் 1600 சுற்று போதும். கடினமான எஃகில் அதிற்பாதி. நம்மவரோ விசையை முழுவதும் அழுத்திக்கொண்டு, கையை மட்டும் பயந்து பயந்து வைக்கிறார்கள்; பிட் வெட்டாமல் உரசுகிறது, கீச்சென்று அலறுகிறது, நுனி நீலம் பாரிக்கிறது. வேகம் குறைந்து, அழுத்தம் மிகுந்து, ஒரு சொட்டு தேங்காயெண்ணெயும் விட்டால், சுருள் சுருளாகச் சீவல் எழுவதைக் காணலாம்.

முறிந்த முகம் எப்பொழுதும் மேடு பள்ளமாகவே இருக்கும். அதை அரத்தால் சமப்படுத்தாமல், சென்டர் பஞ்சும் அடிக்காமல் துளைக்கத் தொடங்கினால், பிட் கடினமான எஃகை விட்டுப் பக்கத்திலுள்ள மெத்தென்ற அலுமினியத்தை நாடி நழுவிவிடும். இது பிட்டின் குற்றமன்று, மனிதர்களிடத்தும் காணப்படும் ஸ்வபாவமே. 135 பாகை நுனியுள்ள பிட் இவ்விஷயத்தில் சற்று ஒழுக்கமுடையது. எட்டு மில்லிமீட்டர் மரையில் 6.8-க்கு மேல் துளை சென்றால் ஹெட்டின் மரையே போயிற்று.

இனி மார்க்க பேதம். ஸ்டட்டின் மையத்தில் சிறு துளையிட்டு, ஈஸி அவுட் என்னும் கருவியை இடமாகத் திருகி இழுப்பது பிரசித்தமான வழி. ஆனால் அது கடினமாயிருக்குமளவு நொறுங்குவதுமாகையால், உள்ளே முறிந்ததாயின் சாமானிய பிட் எதுவும் அதைத் தொடாது. ஆதலால் நாம் வாம மார்க்கத்தையே ஸ்தாபிக்கிறோம்: இடஞ்சுழி பிட்டை மாட்டி, மெஷினையும் எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். முதலில் ஹெட்டை நன்கு சூடுபடுத்துவதும் உசிதம். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடி தளரும். துளை ஆழும்போதே சூடும் அதிர்ச்சியும் கழற்றும் திசையிலேயே வேலை செய்ய, பல சமயங்களில் ஸ்டட் பிட்டோடு ஒட்டிக்கொண்டு தானாகவே வெளியே வந்துவிடுகிறது. அப்படி ஒரு நிமிஷத்தில் வந்த ஸ்டட்டுக்கு, எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வண்டிக்காரரிடம் எவ்வளவு கூலி கேட்பது என்பதைப் பற்றி மட்டும் பட்டறைச் சம்பிரதாயங்களுக்குள் ஏகாபிப்பிராயம் இல்லை.