பாபேஜ் முடிக்காததை முடித்த பையன்

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வீட்டிலேயே சி.என்.சி. இயந்திரம் கட்டுவது இப்போது ஒரு பொழுதுபோக்கு. ஆர்டுயினோ போர்டு, மூன்று ஸ்டெப்பர் மோட்டார், அலுமினியச் சட்டம், வீடு முழுக்க மரத்தூள். எண்ணைக் கொடுத்தால் இயந்திரம் அதை மரத்திலோ உலோகத்திலோ செதுக்கித் தரும். இந்தப் பைத்தியத்துக்கு ஒரு முப்பாட்டன் உண்டு. ஊர் ஸ்டாக்ஹோம், வருஷம் 1837. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. மரத்தூள் மட்டும் அப்போதே இருந்தது.

அப்பா பெயர் கேயோர்க் ஷாய்ட்ஸ். படித்தது சட்டம், பார்த்தது அதைத் தவிர மற்ற எல்லா வேலையும். அச்சகம் வைத்தார், பத்திரிகை நடத்தினார், ஷேக்ஸ்பியரையும் வால்டர் ஸ்காட்டையும் ஸ்வீடிஷுக்குக் கொண்டுவந்தார். எதைப் படித்தாலும் அதைத் தானும் செய்து பார்க்கவேண்டும் என்று கை பரபரக்கும் ரகம். இப்படிப்பட்டவர் கண்ணில் 1834-ஆம் வருஷத்து ‘எடின்பரோ ரெவ்யூ’ படலாமா? பட்டுவிட்டது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜுடைய கணக்கு இயந்திரத்தைப் பற்றி டயோனீசியஸ் லார்ட்னர் அதில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். (இந்த லார்ட்னர் ஆறு வருஷம் கழித்து ஒரு குதிரைப்படை அதிகாரியின் மனைவியோடு ஓடிப்போனார். நம் கதைக்குச் சம்பந்தமில்லைதான். சொல்லாமல் விட மனசு வரவில்லை.)

பாபேஜின் கவலை நியாயமானது. கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் வட்டி போடவும் அன்றைக்கு அச்சிட்ட அட்டவணைகளைத்தான் நம்பினார்கள். கணக்குப் போடுகிறவன் கொட்டாவி விட்டால் ஒரு பிழை, அச்சுக் கோக்கிறவன் கொட்டாவி விட்டால் இன்னொரு பிழை. இயந்திரமே கணக்குப் போட்டு, விடையை இயந்திரமே அச்சில் இறக்கட்டும் என்றார் பாபேஜ். 1823-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் பணம் கொடுக்கத் தொடங்கியது. பாபேஜுக்கோ எதிலும் திருப்தி வராது. ஒவ்வொரு பல்சக்கரமும் அப்பழுக்கில்லாமல் இருக்கவேண்டும். அது வருவதற்குள் இதைவிட உசத்தியான இன்னொரு இயந்திரத்துக்கு யோசனை வந்துவிடும். பட்டறைக்காரர் ஜோசப் கிளமென்டோடு பணத்தகராறு முற்றி 1833-ல் வேலை நின்றது. 1842-ல் அரசாங்கம் தலைமுழுகியபோது 17,000 பவுண்டுக்கு மேல் கரைந்திருந்தது. மக்களுக்குக் கிடைத்தது ஒரு துண்டு மாதிரி. அதற்கப்புறம் பாபேஜ் தெருப்பாடகர்களோடு சண்டைக்குப் போனார். அது தனிக்கதை.

ஸ்டாக்ஹோம் அப்பாவுக்கு இந்த வரலாற்றின் முதல் பாதிதான் தெரியும். அட்டை, மரம், கம்பி வைத்து மாதிரி செய்து பார்த்தார். நடக்கும் என்று பட்டது. 1837 கோடையில் மகன் எட்வர்ட் வந்து நின்றான். தொழில்நுட்பக் கழக மாணவன், பதினாறு இன்னும் முடியவில்லை. ஸ்வீடிஷில் என்ன பேசிக்கொண்டார்களோ, நம்ம பாஷையில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

“அப்பா, இத நானே செஞ்சிடறேன்ப்பா.”

“இங்கிலீஷ்காரன் ஆயிரக்கணக்குல பவுண்ட முழுங்கிட்டு உக்காந்திருக்கான்டா.”

“நமக்கு அவ்வளவு ஆகாதுப்பா. நம்மகிட்டதான் இல்லியே.”

வீட்டிலேயே பட்டறை போட்டாயிற்று. ஒரு சாதாரண லேத், கொஞ்சம் கைக்கருவிகள். அரசாங்கத்திடம் உதவி கேட்டார் அப்பா. விஞ்ஞான அகாதமி யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றது. லண்டனில் அவ்வளவு பெரிய மேதை தடுமாறுகிற வேலையை ஒரு பத்திரிகைக்காரரும் அவர் பையனும் முடிப்பார்கள் என்று எந்த கமிட்டிதான் கையெழுத்துப் போடும்?

இயந்திரத்தின் சூட்சுமத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் பார்த்துவிடலாம். 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களை எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்ணைக் கழித்தால் 3, 5, 7, 9. அதையும் கழித்தால் 2, 2, 2. இப்போது தலைகீழாக வாருங்கள்: 9-ஓடு 2 சேர்த்தால் 11, 25-ஓடு 11 சேர்த்தால் 36. பெருக்கலே இல்லாமல் ஆறின் வர்க்கம் வந்துவிட்டது. கூட்டல் மட்டும் போதும், கூட்டலை ஒரு பல்சக்கரம் செய்துவிடும். இந்த வித்தியாசங்களை எத்தனை அடுக்கு வரை இயந்திரம் தாங்குகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை இலக்கம் என்பதுதான் சவால். 1840-ல் எட்வர்டின் இயந்திரம் ஐந்து இலக்கத்தில் ஒரு அடுக்கு போட்டது. 1842-ல் மூன்று அடுக்கு. 1843-ல் அச்சுப் பகுதியும் சேர்ந்துகொண்டது. போன தடவை உதட்டைப் பிதுக்கிய அதே அகாதமி, வேதியியல் மேதை பெர்சீலியஸ் கையெழுத்தோடு சான்றிதழ் கொடுத்தது. சான்றிதழ்தான், சல்லிக்காசு இல்லை. வாங்கவும் ஆள் வரவில்லை.

1851-ல் ஸ்வீடிஷ் அரசாங்கம் ஒருவழியாக 5,000 ரிக்ஸ்டாலர் கொடுத்தது. 1853 முடிவதற்குள் இயந்திரம் ஓடவேண்டும், ஓடாவிட்டால் பணம் திரும்ப வரவேண்டும், அதற்கு ஜாமீனும் வேண்டும். பாபேஜுக்கும் யாராவது இப்படி ஒரு கெடு வைத்திருக்கலாம். பெர்க்ஸ்த்ரோம் என்பவரின் பட்டறையில் வேலை நடந்தது. 1853 அக்டோபரில் முடிந்தது. நான்கு அடுக்கு வித்தியாசம், 15 இலக்கம், ஒரு சின்ன பியானோ அளவு. கைப்பிடியைச் சுற்றினால் விடை வெளியே வந்து ஈயத்திலோ காகிதக் கூழிலோ தானாகவே பதியும். அதிலிருந்து அச்சுத்தகடு வார்த்துக்கொள்ளலாம். நடுவில் மனிதக்கை படாது.

மறு வருஷம் இருவரும் அதை லண்டனுக்கே கொண்டுபோனார்கள். பாபேஜ் என்ன செய்வாரோ என்று வயிற்றில் புளி கரைத்திருக்கும். அந்த முரட்டு மனிதரோ தலையில் வைத்துக் கொண்டாடினார். தன் மகன் ஹென்றியை விட்டு இயந்திரத்தின் செயல்பாட்டை விளக்கும் பெரிய வரைபடங்கள் போடச் சொன்னார். ஹென்றி கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் வேலை பார்த்தவர், லீவில் வந்திருந்தார். லீவில் வந்த பிள்ளையை அப்பா சும்மா விடுவாரா? 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் ஷாய்ட்ஸ் இயந்திரத்துக்குத் தங்கப்பதக்கம்.

விற்பனையும் நடந்தது. அமெரிக்காவில் ஆல்பனி நகர டட்லி வானாய்வகத்துக்காக ராத்போன் என்ற செல்வந்தர் 5,000 டாலருக்கு வாங்கிக் கொடுத்தார். வானாய்வக இயக்குநர் பெஞ்சமின் கூல்டுக்கும் நிர்வாகிகளுக்கும் ஏழாம் பொருத்தம். அவர்கள் அடுக்கிய குற்றப்பட்டியலில் இந்த இயந்திரமும் இடம்பெற்றது. 1859 ஜனவரியில் அடியாட்களை வைத்து அவரை வெளியேற்றினார்கள். இயந்திரத்தைச் சுற்ற ஆளில்லை. லண்டனில் டோன்கின் கம்பெனி 1,200 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டு பிறப்பு-இறப்புப் பதிவுத் துறைக்கு இன்னொன்று செய்து கொடுத்துக் கைநஷ்டப்பட்டது. 1864-ல் அந்தத் துறை வெளியிட்ட ஆயுள் அட்டவணையில் சுமார் 600 பக்கம். முழுக்க முழுக்க இயந்திரத்தின் அச்சில் வந்தது 28. மீதிக்கு மனிதக் கொட்டாவிதான் துணை.

அப்பா 1873-ல் இறந்தார், மகன் 1881-ல். பதக்கம் இருந்தது, கடனும் இருந்தது.

பாபேஜின் இரண்டாவது வடிவமைப்பை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல், அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டில், உலோகத்தில் செய்து காட்டியது. கணக்குச் சரியாகவே வந்தது. லண்டன் போகிறவர்கள் எல்லாரும் அதன்முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். டோன்கின் செய்த ஷாய்ட்ஸ் இயந்திரமும் அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது. ஆல்பனிக்குப் போன முதல் இயந்திரம் வாஷிங்டன் ஸ்மித்சோனியனில். எந்தப் பக்கம் போனாலும், அந்தப் பையனுடைய இயந்திரம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.