நூற்றுக்கு 35

இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு முகவராக ஐ.சி.-38 தேர்வு எழுத வேண்டும். 50 கேள்விகள், நூற்றுக்கு 35 எடுத்தால் பாஸ். எங்கள் சித்தப்பாவும் பாஸ். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுவதற்குள் ஒரு தாளை விரிப்பார். அதில் 4%, 8% வளர்ச்சி என்று இரண்டு பத்திகள். 8%-க்குப் பச்சை மையில் அடிக்கோடு, 4% மேல் அவருடைய கட்டைவிரல்.

டேர்ம் பாலிசி கேட்டால், “செத்தாத்தாம்ப்பா காசு!” என்று முகம் சுளிப்பார். பிரீமியம் குறைந்தால் கமிஷனும் குறையும் என்ற பாடம் மட்டும் தேர்வுக்கு முன்பே மனப்பாடம்.

பிடிக்காவிட்டால் 30 நாளில் பாலிசியைத் திருப்பித் தரலாம். 2024-இல் காப்பீட்டு ஆணையம் போட்ட விதி. தரலாம்தான். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குத்தானே போயாக வேண்டும்?