சந்தைக் கேட்டுத் தோட்டம் போடு

மாமரம், கருங்கல் நடைபாதை, அல்லித் தொட்டி என்று கே.கே. நகர்க்காரர் போட்ட பின்பக்கத் தோட்டத்தின் வரைபடத்தில் எல்லாமே இருந்தன. அவற்றை அங்கே கொண்டுபோகும் வழிதான் இல்லை. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே 3 அடிச் சந்து. அதிலும் ஓர் அடியை ஏ.சி. யூனிட் ஆக்கிரமித்திருந்தது.

ஜேசிபிக்கு அகலமே 7 அடிக்கு மேல். லண்டன் வரிசை வீடுகள் மாதிரி இடங்களுக்கென்று, 70 செ.மீ. அளவுக்குத் தன்னைக் குறுக்கிக்கொள்ளும் குட்டி எந்திரம் ஒன்றைக் குபோட்டா கம்பெனி விற்கிறது. மிச்சமிருந்த 2 அடி என்பது 61 செ.மீ. ஜப்பானியர்கள் நம் ஏ.சி. மெக்கானிக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக, தலைச்சுமைதான். ஒரு யூனிட் செம்மண் 100 கன அடி. பாண்டுக்கு அரை கன அடி என்றால் 200 நடை. நம்மவர் சொல்லியிருந்ததோ 2 யூனிட். பகலில் பல சாலைகளில் லாரிக்குத் தடை என்பதால் மண் நள்ளிரவில் வந்தது. வந்து, பக்கத்து வீட்டு கேட்டை மறித்துக் குவிந்தது. விடிந்ததும் ஸ்கூட்டரை வெளியே எடுக்க வந்த அந்த வீட்டு மாமா குவியலையும் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

மேஸ்திரி அசரவில்லை. 6 அடிக்கு 3 அடி, 2 அங்குல கனத்தில் கருங்கல் பலகை என்றால் ஒன்றே 230 கிலோ வரும். வாசலிலேயே நாலாக அறுத்தார். வளர்ந்த மாமரம் கைவிடப்பட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற ஒட்டுக்கன்று வந்தது. தொட்டிகளுக்கு மண்ணே வேண்டாம் என்றார்: பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்க் கழிவுக் கட்டி 5 கிலோதான், தண்ணீரில் போட்டால் 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். இந்த யோசனையை மண் வருவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லையாம்.

"சார், மாமா வீட்டுப் பக்கம் கார் போற அளவுக்கு இடம் இருக்கு. மதில்ல கொஞ்சம் பிரிச்சா ஒரே நாள்ல முடிச்சிடலாம். நீங்க போய்ப் பேசுங்க."

பேசினார். மதிலைத் திரும்பக் கட்டிப் பூசி, இரண்டு பக்கமும் வெள்ளையடித்துத் தர வேண்டும் என்றார் மாமா. மாமியின் நிபந்தனை வேறு: அவருடைய மல்லிகைப் பந்தலுக்கு ஒவ்வொரு இருபதாவது பாண்டு மண்ணும் சுங்கம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாமியே எண்ணினார்.

400 பாண்டில் 20 பந்தலுக்குப் போனது. அந்த 20 பாண்டுக்கான சுமைகூலியை எந்த வீடு தருவது என்பதில் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.