விகுதியாக வாழ்கிறேன்

1962 ஆகஸ்ட் 16-இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் தாத்தா கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் என்ன கிழித்துக்கொண்டிருந்தார் என்று என் மனைவி இன்றுவரை என்னிடம் கேட்கிறாள். அவள் வடாம் காயப்போடும் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் எழும்பிய மூன்று மாடி வீடு தெரியும்.

இப்போது மகளுக்கு பிரான்ஸ் சம்பந்தம் வந்திருக்கிறது. சம்பந்தியிடம் நாலு வார்த்தை பேசித் தாத்தாவின் பாக்கியைத் தீர்த்துவிடலாம் என்று மகளின் பிரெஞ்சுப் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்தேன்.

'பேசு' என்ற வினை. நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள்: எழுத்தில் விதவிதமான வால்கள், வாயில் எல்லாமே 'பார்ல்'. பன்மைக்கு வரும் மூன்று எழுத்தும் ஊமை. எதையும் பாக்கி வைக்காத நான் எழுதியதையெல்லாம் உச்சரித்தேன்; மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அழுத்தமும் தகராறு. நாம் முதல் அசையில் ஊன்றுவோம். அவர்கள் சொற்றொடரின் கடைசி அசையில் போய் ஊன்றுகிறார்கள். நான் இரண்டு இடத்திலும் ஊன்ற, தெருவில் போனவர்கள் சண்டை என்று நின்றார்கள்.

'குடி' என்ற வினை இன்னும் மோசம். நான் குடித்தால் 'ப்வா', நாங்கள் குடித்தால் 'புவோன்'. (காரைக்காலில் இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.) பிரெஞ்சின் தாயான லத்தீனில் அழுத்தம் ஒரு வடிவத்தில் அடிச்சொல்லிலும் இன்னொன்றில் விகுதியிலும் விழுந்ததாம். அழுத்தம் விழுந்த உயிர் ஒரு பக்கம் திரிய, விழாதது வேறு பக்கம் திரிந்தது. பிறகு அழுத்தம் இடம் மாறிவிட்டது. திரிபு மட்டும் நின்றுவிட்டது. உயிரெழுத்தில் தொடங்கும் வினையென்றால் கொஞ்சம் கருணை: 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இ-லெம்', 'அவர்கள்' என்றால் 'இல்-ஸெம்'. முன்சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரில் ஏறிக்கொள்கிறது. நம் புணர்ச்சிதான்.

விகுதி ஊமையாகிவிட்ட பிரெஞ்சில் எழுவாயைச் சொல்லியே தீரவேண்டும். இதை மனைவியிடம் விளக்கினேன். அவள் என் பெயரைச் சொல்வதில்லை. 'அவர்' என்பதுகூட அபூர்வம். "தூங்குறாரு", "சொன்னா கேக்கமாட்டாரு" என்பாள். இந்த வீட்டில் என் இருப்பு முழுவதும் அந்த 'ஆரு'வில்தான்.

"பிரெஞ்சில் அப்படி முடியாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் என்னை முன்னால் நிறுத்தித்தான் பேசவேண்டும்" என்றேன்.

"அப்ப உங்க தாத்தா செஞ்சது சரிதாங்க" என்றாள்.