இஞ்சிவிளைக்கு அப்பால் ரோமிங்

கம்பியில்லாத போன் என்றால் எல்லையில்லாத போன் என்றே பாறசாலையில் நாங்கள் நம்பினோம். வளைகுடாவிலிருந்து சித்தப்பா கார்ட்லெஸ் கொண்டுவந்த நாளில் சென்ட் பாட்டிலைக்கூட யாரும் சீண்டவில்லை. ஏரியலை இழுத்துவிட்டு வீட்டுத் தோட்டமான விளைக்குள் இறங்குவார். கிணற்றடி வரை துபாய் தெளிவாகக் கேட்கும். மாட்டுத்தொழுவத்தைத் தாண்டினால் வெறும் இரைச்சல். “கம்பி இல்லேன்னியே மக்கா, பின்னே ஏன் கெட்டிப்போட்ட மாடு மாதிரி அங்கேயே சுத்துத?” என்பாள் பாட்டி. கரண்ட் போனால் அதுவும் கிடையாது, அடிப்பெட்டி செத்துவிடும். எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்தில் வாழ்ந்த பழைய கறுப்பு போன் மட்டும் அப்போதும் மணியடிக்கும்.

பக்கத்து வீட்டுக்கும் ஒரு கார்ட்லெஸ் வந்தது. இரண்டும் ஒரே அலைவரிசையில் மாட்டிக்கொள்ள, அவர்கள் மகளுக்குப் பேசிய ஸ்திரீதனம் எவ்வளவென்று கேட்காமலே எங்களுக்குத் தெரிந்துபோனது.

1996 செப்டம்பர் 17 அன்று எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பைப் பேசினார். பேசினால் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு, சும்மா காதில் வாங்கினாலும் 8 ரூபாய் 40 காசு என்றிருந்த காலம். வரும் அழைப்புக்குக் காசில்லை என்றானது 2003இல்தான். அதுவும் சொந்த மாநிலத்துக்குள்!

எங்களுக்கு அங்கேதான் வினை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போக, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இஞ்சிவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைச் சந்தைக்குப் போகிற யாரும் அந்த எல்லைக்கோட்டைப் பொருட்படுத்தியதில்லை. செக்போஸ்டில் லாரிகளுக்குத்தான் கவலை. செல்போன் அந்த எல்லையைச் சரியாகக் கண்டுபிடித்தது. மீன் வாங்கப் போனால் ரோமிங். சில வீடுகளில் முன்வராந்தாவில் கேரளம், பின்னறையில் தமிழ்நாடு. கேரள டவரைத் தேடி ஜனங்கள் மறுபடி விளைக்குள் இறங்கினார்கள். தமிழ்நாடு வேறு மாநிலம் என்று எங்கள் ஊருக்கு உறைத்தது அப்போதுதான்.

2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. பிறகு மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். இன்று சித்தப்பா சந்தையில் நின்று வீடியோவில் மீனைக் காட்டுகிறார். “இஞ்சேருங்கோ, செவுளைத் தூக்கிக் காட்டுங்கோ” என்கிறாள் சித்தி. முன்பென்றால், “எல்லை தாண்டியாச்சு, காசு போவும்” என்று அணைத்துவிட்டு டீக்கடையில் நிம்மதியாக உட்காரலாம். ரோமிங் கட்டணம் ஒழிந்ததில் எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பெரும் நஷ்டம்.