மாமனார் எடுத்த ரீடிங்

ஊரில் கரண்ட் பில் என்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் வருத்தம். ரீடிங் எடுக்கிறவர் வருவார், வெள்ளை அட்டையில் கிறுக்குவார், போவார். அன்று சாயங்காலம் ஏசி போட்டது யார் என்று ஒரு விசாரணை நடக்கும். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்கு வீட்டில் அமைதி.

பிரிட்டனில் இந்த வருத்தத்தை நவீனப்படுத்திவிட்டார்கள். ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒருமுறை கணக்கு எழுதுகிறது. அதோடு இலவசமாகத் தரும் சின்னத் திரை ஒன்று, மின்சாரச் செலவைப் பத்து விநாடிக்கு ஒருமுறை பவுண்டிலும் பென்ஸிலும் காட்டுகிறது. குறைவாக எரித்தால் பச்சை விளக்கு, கொஞ்சம் கூடினால் மஞ்சள், மீறினால் சிவப்பு. "அடுப்படியில் கண்ணில் படுகிற இடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் மாட்ட வந்தவர். வைத்தோம். அன்று முதல் ரெடிங் நகரத்திலுள்ள எங்கள் வீட்டில் யாரும் மனம் விட்டு டீ குடித்ததில்லை.

எரிவாயு விஷயத்தில் மட்டும் இந்தத் திரை அரை மணி நேரம் பின்தங்கித்தான் பேசும். ஆகவே கெட்டில் போட்டால் குற்றவுணர்ச்சி உடனே வந்துவிடும். வெந்நீர்க் குளியலுக்கான குற்றவுணர்ச்சியோ தலை துவட்டி, உடை மாற்றி, காப்பியும் குடித்து முடித்த பிறகுதான் வந்து சேரும். குளியல் எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்.

2022 அக்டோபரில் நிலைமை முற்றியது. ஆஃப்ஜெம் என்னும் கட்டுப்பாட்டு ஆணையம் வீட்டு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் விலை உச்சவரம்பு வைக்கிறது. 2019-லிருந்து உள்ள ஏற்பாடு. அது ஆண்டுக்கு 3,549 பவுண்டு ஆகப்போகிறது என்று அறிவித்தார்கள். அரசு பதறிப்போய் நடுவில் புகுந்து 2,500-இல் நிறுத்தியது. எவ்வளவு எரித்தாலும் 2,500-க்கு மேல் கட்ட வேண்டியதில்லை என்று ஊரே மகிழ்ந்தது. அப்போதைய பிரதமர் லிஸ் டிரஸ்கூட வானொலியில் அப்படித்தான் பேசினார். உண்மையில் உச்சவரம்பு யூனிட் விலைக்குத்தான், பில்லுக்கு இல்லை. 2,500 என்பது ஒரு சராசரிக் குடும்பம் சராசரியாகச் செலவழித்தால் வரும் தொகை. அந்தச் சராசரிக் குடும்பத்தை நான் நேரில் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் பொள்ளாச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்து தங்காத குடும்பமாக அது இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு நவம்பரில் வந்தார்கள். மாமா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தகவலை முன்கூட்டியே மீட்டரிடம் சொல்லிவைத்திருக்கலாம்.

வந்த அன்றே பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிரிட்டிஷ் பிளக் என்பது காலில் மிதித்தால் உயிர் போகும் ஒரு மூன்று கால் பிராணி. அதன் வயிற்றுக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்புத் தட்டுப்பாடு. கம்பியை மிச்சம் பிடிக்க வீட்டைச் சுற்றி ஒரே வளையமாக ஒயரிங் செய்தார்கள். அதனால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் தேவைப்பட்டது. 1947-இல் வந்த தரம் இன்றும் நடப்பில் இருக்கிறது. எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளம். அது உள்ளே போனால்தான் சாக்கெட்டின் மற்ற ஓட்டைகளுக்குக் கதவு திறக்கும். மாமா நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவனோ நம்ம டிபார்ட்மெண்ட்காரன் வேலைங் மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. அந்த மதிப்பு குளியலறையில் லைட் போட ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று தெரியும்வரை நீடித்தது.

பிறகு திரைக்கு வந்தார். யூனிட் என்ன விலை என்று கேட்டார். 34 பென்ஸ் என்றேன். அப்போது ஒரு பவுண்டு கிட்டத்தட்ட 100 ரூபாய். ஆகவே ஒரு பென்ஸுக்கு ஒரு ரூபாய் என்று கணக்கு சுலபம். இந்தச் சுலபம்தான் ஆபத்து. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று இருக்கிற மாநிலத்திலிருந்து வந்த மனிதர் அதைக் கேட்டுச் சற்று நேரம் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கித் தரச் சொன்னார்.

நோட்டில் முதலில் ஏறியது கெட்டில். இங்கத்திய கெட்டில் 3,000 வாட். நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்க விட்டால் ஆறு பென்ஸ் ஆகும். "வெறும் சுடுதண்ணிக்கு ஆறு ரூவாயா? டீத்தூளு, பாலு, சக்கரையெல்லாம் வேறயாக்கும்" என்றார். மாமியார் ஊரிலிருந்து சுமந்து வந்த டேபிள்டாப் கிரைண்டர் அரை மணி நேரம் கடகடவென்று ஓடியபோது திரையில் பச்சை விளக்கு அசையவில்லை, 150 வாட்தான். அதே நேரம் மகள் ஒரு குவளை வெந்நீருக்காகக் கெட்டிலைத் தட்டியதும் சிவப்பு. "மாவரைக்கற மிஷினைவிடத் தண்ணி சூடு பண்றது பெருசா?" என்று மாமியார் அந்தத் திரையின் மேல் நம்பிக்கை இழந்தார். அடுத்த நாள் முதல் அது ஒரு துண்டால் மூடப்பட்டது. மாமா துண்டை எடுப்பார், மாமியார் போடுவார்.

கெட்டில் இந்த நாட்டில் ஒரு தேசிய விவகாரம் என்று மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன். தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் மக்கள் மொத்தமாக எழுந்துபோய்க் கெட்டில் போடுவார்கள். அந்த நிமிடத்தில் மின்தேவை எகிறும். 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. உடனே மின்தேவை 2,800 மெகாவாட் ஏறியது. இப்படிப்பட்ட நேரங்களுக்குத் தயாராக, வேல்ஸில் ஒரு மலையைக் குடைந்து டினோர்விக் என்ற நிலையத்தை 1984-இல் திறந்து வைத்திருந்தார்கள். இரவில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது திறந்துவிட்டால் 20 விநாடிக்குள் முழு உற்பத்தி.

நான் எதிர்பார்த்த வியப்பு வரவில்லை. "இதைத்தானுங் கடம்பாறையில நாம பண்ணீட்டிருக்கறோம்" என்றார். வால்பாறை மலையில் இருக்கும் கடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட். மனதுக்குள் கணக்குப் போட்டவர் திடீரென்று நிமிர்ந்தார். "2,800-ன்னா ஏழு கடம்பாறைங் மாப்ள! தோத்ததுக்கா ஏழு கடம்பாறை டீ குடிச்சாங்க? ஜெயிச்சிருந்தா என்னாயிருக்கும்?" இங்கிலாந்து மின்துறையில் இந்தக் கோணத்தில் யாராவது திட்டமிட்டிருக்கிறார்களா, தெரியவில்லை. அந்தக் கோப்பையை வெல்லும் சந்தர்ப்பம் அவர்களுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை என்பதால் அவசரமும் இல்லை.

ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டு தாண்டி அடுப்படியில் விளக்கில்லாமல் யாரோ நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். மாமாதான். குல்லா, மப்ளர், கையில் நோட்டு. "மாப்ள, வீட்ல எல்லாரும் தூங்கறோம். கெட்டில் ஓடலை, ஹீட்டர் ஓடலை. பன்னெண்டு மணி அடிச்சதும் இன்னிக்குச் செலவு 74 பென்ஸ்னு காட்டுது. எங்கியோ லீக் ஆகுது." லீக் இல்லை, அது நிலைக் கட்டணம் என்று விளக்கினேன். அந்தக் குளிர்காலத்தில் சராசரியாக மின்சாரத்துக்கு நாளொன்றுக்கு 46 பென்ஸ், எரிவாயுவுக்கு 28 பென்ஸ். எதையும் தொடாமல் ஊருக்குப் போய்விட்டாலும் உண்டு. திரை அதை நள்ளிரவிலேயே பற்று வைத்துவிடும். மாமா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் நோட்டில் 'தூங்கிய வகையில்' என்று தனிப் பத்தி போட்டு எழுதிக்கொண்டார்.

சிக்கனம் செய் என்று சொல்லிச் சொல்லியே இந்தத் திரையை வீடு வீடாக வைத்தார்கள். நான் விளக்கை அணைத்தால் மிச்சமாவது அரை பென்ஸ். விலையோ எங்கேயோ, யாரோ கூடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவு செய்வது. நம் கையில் இல்லாத ஒன்றைப் பத்து விநாடிக்கு ஒருமுறை நமக்குக் காட்டுவதில் என்ன லாபம் என்று நான் கேட்பதுண்டு. பதிலுக்கு என் மனைவி, மாடியில் நான் எரியவிட்டு வந்த விளக்கைக் காட்டுவாள்.

எதிர்வீட்டு மாடியில் தனியாக இருக்கும் முதிய அம்மையாரின் வீட்டில் எரிவாயு இணைப்பு இல்லை. இரவில் மலிவு விலை மின்சாரத்தில் சூடேறி, பகலில் சூட்டை மெல்ல வெளிவிடும் பழைய ஹீட்டர்கள். அவற்றை அப்போது இயக்கியது மீட்டருக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஆணை வந்தது பிபிசி ரேடியோ 4-இன் நெட்டலை ஒலிபரப்பில், 198 கிலோஹெர்ட்ஸில். செய்தி வாசிக்கும் குரலுக்கு அடியில், காதுக்குக் கேட்காத சமிக்ஞை ஒன்று ஓடும். அது சொன்னால் மீட்டர் மலிவு விலைக்கு மாறும். 1980-களின் ஏற்பாடு. 2025 ஜூன் கடைசியில்தான் இதைப் படிப்படியாக மூடத் தொடங்கினார்கள். மாமா அந்தப் பெட்டிக்கு முன் கைகட்டி நின்றார். "நியூஸ் கேட்டு ஹீட்டர் எரியுதா!" அவர் இங்கிலாந்தில் கும்பிட்டு நின்ற ஒரே இடம் அதுதான். பக்கிங்ஹாம் அரண்மனையில் வெளிவிளக்குகள் பகலில் எரிவதைத்தான் கவனித்தார்.

ஜனவரியில் அதிசயம் நடந்தது. தட்டுப்பாடு வரும்போல் இருந்ததால், உச்ச நேரத்தில் மின்சாரத்தைக் குறைத்தால் பணம் தருவோம் என்று மின்தொகுப்பு நிர்வாகம் ஒரு திட்டம் வைத்திருந்தது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு மட்டும். சோதனை ஓட்டங்களுக்கு யூனிட்டுக்கு 3 பவுண்டு என்ற விலையை உறுதி செய்திருந்தார்கள். கம்பெனிகள் அதிலிருந்து தங்கள் மனம்போல் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும். 2023 ஜனவரி 23, மாலை 5 மணி முதல் 6 மணி வரை முதல் நிஜ அழைப்பு வந்தது.

மாமா நம்பவில்லை. 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, ஈ.பி. ஆபீஸ் போனை எடுத்துப் பதில் சொன்னவர்களில் அவரும் ஒருவர். "அங்க கரண்ட்டை நிறுத்துனா என்னையத் திட்டுனாங்க. இங்க நிறுத்துனா காசு குடுக்கறாங்களா?" சரியாக ஐந்து மணிக்கு எழுந்துபோய் எல்லாவற்றையும் அணைத்தார். ஃபிரிட்ஜையும் அணைக்கப் போனவரை மாமியார் தடுத்துவிட்டார். நாங்கள் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்தோம். பொள்ளாச்சியில் மின்வெட்டு நேரங்களில் என்னென்ன பேசினோம் என்று மனைவி நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஒரு மணி நேரம் வைஃபை இல்லாமல் உயிர் வாழ முடியும் என்பது புதுச் செய்தியாக இருந்தது.

கிடைத்தது 60 பென்ஸ். சேமிப்பை, முந்தைய நாட்களில் அதே நேரத்தில் எரித்த அளவோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடுவார்கள். மாமா வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கு எரிந்ததே கொஞ்சம்தான். தெருமுனையில் வெளியில் வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு எங்களைவிடப் பல மடங்கு. "தண்டமா எரிச்சவனுக்குத்தானுங் பரிசு. முன்னாடியே சொல்லியிருந்தா நாமளும் பத்து நாளு எரிச்சிருக்கலாம்" என்றார் மாமா. 60 பென்ஸை நோட்டில் வரவு வைத்தார். 'தூங்கிய வகை'யில் ஒரு நாள்கூடத் தேறவில்லை.

பிப்ரவரியில் திரை ஊமையாகிவிட்டது. 'இணைப்பைத் தேடுகிறேன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து மீட்டர்கள் செல்போன் வலையமைப்பு வழியாகத்தான் பேசும். எங்கள் மீட்டரோ மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரியில், வேக்குவம் கிளீனருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே இருக்கிறது. இப்படிப் பேச்சிழந்த மீட்டர்கள் 2023 முடிவில் நாட்டில் கிட்டத்தட்ட 40 லட்சம் என்று அரசின் கணக்கே சொன்னது. அதற்குள் கம்பெனி தன்பாட்டுக்கு உத்தேசமாக ஒரு பில் போட்டு அனுப்பியது. உத்தேசத்தில் நாங்கள் ஒரு சிறிய தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தோம்.

போன் செய்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது, இடையிடையே பியானோ. ஒருவழியாக வந்த இளைஞன் அவ்வளவு பணிவானவன். மீட்டரைப் பார்த்து ரீடிங்கை அனுப்ப முடியுமா என்று கேட்டான். ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டியதில்லை என்பதுதானே ஸ்மார்ட் மீட்டரின் பெருமை என்றேன். ஆமாம் என்று மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆள் வர வேண்டியிருக்கவில்லை; ஆள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தார்.

அன்று முதல் காலை ஆறு மணிக்கு மாமா டார்ச்சோடு படிக்கு அடியில் நுழைவார். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து ரீடிங் எழுதுவார். முதல் பக்கத்திலிருந்து எல்லா வரியிலும் சின்னக் கையெழுத்து. பக்கத்தில் 'வீட்டுக்காரர்' என்று எனக்கும் ஓர் இடம். ஏ.ஈ.யிடம் மனு கொடுத்துப் பதில் இல்லையென்றால் ஈ.ஈ.; அங்கும் நடக்காவிட்டால் எஸ்.ஈ. என்று அவருக்குப் பழக்கம். எட்டு வாரத்தில் தீரவில்லையென்றால் இங்கேயும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்றதும் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். வட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் கம்பெனி பில்லைத் திருத்தி அனுப்பியது. அவருக்கு அதில் ஏமாற்றம்தான்.

மறுநாளே ஒரு மின்னஞ்சல். எங்கள் சேவையை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் சிபாரிசு செய்வீர்களா, 0 முதல் 10 வரை மதிப்பெண் தருக.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பையன் மரியாதையாப் பேசுனான், அதுக்கு ஆறு போடலாங். மீட்டர் ஓடலை, நாலு கழிங்க. ரீடிங் எடுத்தது நானு. அந்த மார்க் அவங்களுக்கு எப்படிச் சேரும்?"

"கடைசியில எத்தனை போடட்டும் மாமா?"

"காரணம் எழுத எடம் விட்டிருக்கானான்னு பாருங்."

500 எழுத்துக்குள் எழுதலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. மாமா நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "நவம்பர் 14-ந் தேதியிலிருந்து சொல்றேன், அடிங்க."