இதோ, இப்போ சண்டை விடப்போறேன்!

எழுபதுகளில் மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு மாடு வாங்க வந்தவர்களைவிட, வேடிக்கை பார்க்க வந்த எங்களுக்குத்தான் வேலை அதிகம். புளியமரத்தடியில் ஒருவர் கரித்துண்டால் வட்டம் போடுவார். நடுவில் பாம்புக்கூடை, முளைக்குச்சியில் கட்டிய கீரிப்பிள்ளை, ஓரமாக ஒரு மண்டை ஓடு. மண்டை ஓடு எதற்கு என்பதைக் கடைசிவரை சொல்லமாட்டார். “இன்னும் கொஞ்ச நேரத்துல கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன்!” என்று தொடங்கும் கச்சேரி. யாரும் கைகட்டி நிற்கக் கூடாது. பாதியில் நகர்ந்தவன் ரத்தம் கக்குவான். நடுநடுவே கூடை மூடியை ஒரு விரற்கடை தூக்குவார். உள்ளே ஏதோ நெளியும். சட்டென்று மூடிவிட்டுத் தாயத்துப் பையை அவிழ்ப்பார்.

சண்டையை நான் பார்த்ததில்லை. பார்த்தவர் எவரையும் பார்த்ததுமில்லை. கீரி பாட்டுக்கு வெயிலில் தூங்கிக்கொண்டிருக்கும்.

டூரிங் டாக்கீஸ்காரர்கள் கொஞ்சம் நாகரிகமானவர்கள். மாட்டுவண்டியில் தட்டி கட்டி, தப்பு அடித்துக்கொண்டு, ரோஸ் நிற நோட்டீசை வீசிப்போவார்கள். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி கிணற்றடிக்கு ஓடும் நேரம் பார்த்து, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று நின்றுவிடும். ஆனால் தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து உட்கார்ந்துவிட்டால் மீதி கட்டாயம் கிடைக்கும். அவள் குதித்தாளா இல்லையா என்பது தெரிந்த பிறகுதான் வீடு திரும்புவோம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பேராசிரியர் 1994இல் இதையெல்லாம் ஆராய்ந்து எழுதினார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே விழும் இடைவெளிதான் ஆவல். ஒன்றுமே தெரியாதவனுக்கு அது வராது, கொஞ்சம் தெரிந்தவனைத்தான் அரிக்கும் என்றார். புளியமரத்தடிக்காரர் அந்த இடைவெளியை விரற்கடைக் கணக்கில் அளந்து வைத்திருந்தார்.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூடைக்காரர்களை மெல்ல மெல்ல வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வித்தை மட்டும் கடைத்தெருவில் குடியேறிவிட்டது. எங்கள் தெருமுனையில் ஒருநாள் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. கறுப்பு நிழலுருவம், கீழே “அவன் வருகிறான்” என்ற இரண்டே சொல். புதுக் கட்சி என்றார் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார். புதுப்படம் என்றான் அவர் பேரன். வந்தது மொபைல் கவர் கடை. 2019இல் உலக உணவு தினத்தன்று திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை ஐந்து பைசாவுக்கு பிரியாணி கொடுத்தது. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாதவையாகிவிட்டன. செல்லாக் காசுக்குச் சோறு போடுகிற ஆளைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? அந்த யோசனையை நான் மெச்சவே செய்கிறேன். காசைத் தேடிப் பரணில் ஏறியவனுக்குப் பிரியாணியாவது கிடைத்தது.

அக்கா மகன் பஜ்ஜிக் கடை போட்டபோது என்னிடம் யோசனை கேட்டான்.

“மாமா, பேரு ‘ரகசிய பஜ்ஜி’. உள்ள என்ன இருக்குன்னு சொல்லவே மாட்டோம்.”

“சொல்லாம வித்தா எவன்டா மாப்ளே வாங்குவான்?”

“சொல்லாததாலதான் மாமா வாங்குவான்!”

வாங்கத்தான் செய்தார்கள். ரீல்ஸ் போடும் தம்பி ஒருவர் வந்தார். பஜ்ஜியைக் கடித்தார், கண்ணை மூடினார், வானத்தைப் பார்த்தார். “உள்ளே என்ன இருக்குன்னு பார்ட் டூவில் சொல்றேன் மக்களே” என்று கிளம்பிவிட்டார். பார்ட் டூ இன்றுவரை வரவில்லை. ஒரு மாதம் திருவிழாக் கூட்டம். அடுத்த மாதம், தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குப் புரியாமல் போனது இதுதான். சந்தைக்காரருக்கு மறுநாள் வேறு ஊர், வேறு கூட்டம். ஒரே ஆளிடம் இரண்டாவது தாயத்து விற்க வேண்டிய அவசியம் அவருக்கில்லை. கடைக்காரனுக்கோ அதே தெரு, அதே முகங்கள். அவனுக்கென்று வேறொரு வித்தை காலங்காலமாக உண்டு. பரோட்டா மாஸ்டர் தெருவைப் பார்த்த கல்லில் நின்று கொத்துகிற சத்தம், காப்பிப்பொடிக் கடை அரவையிலிருந்து கிளம்பி நாலு கடை தாண்டிப் போகிற மணம், இவையும் ஆவலைக் கிளப்புகிறவைதான். உள்ளே போனால் அந்தச் சத்தத்துக்கும் மணத்துக்கும் உரிய பண்டம் இலையிலோ டம்ளரிலோ வந்துவிடும். மறுநாளும் அதே மணம் இழுக்கும், ரகசியம் தீர்ந்துபோகாது. நாலு சுவருக்குள் அடுப்பை ஒளித்துவைத்து, ஃப்ளெக்ஸுக்குக் காசு கொடுக்கிறவனுக்கு இதை எப்படிச் சொல்வது?

பஜ்ஜி உண்மையில் நன்றாகவே இருக்கும். அந்தப் பக்கம் போனால் ஒரு பிளேட் சாப்பிடுங்கள். பார்ட் டூவுக்காகக் காத்திருக்க வேண்டாம்: உள்ளே இருப்பது மசித்த வாழைப்பூவும் பொட்டுக்கடலையும்.